ஐம்பதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி

"வயசாச்சு, நாலு வலி இருக்கத்தான் செய்யும்" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கிவிடும். ஆகவே 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி வந்தாலோ, பழகிய வலியின் போக்கு மாறினாலோ காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

மறந்துபோன அடி

முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், அதை மேலுறையோடு இணைக்கும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறையில் வழுக்கியோ நிலைப்படியில் இடித்தோ லேசாக அடிபட்டாலே அவற்றில் ஒன்று கிழிந்து ரத்தம் மெல்லக் கசியலாம். தலைவலி, நடையில் தள்ளாட்டம், ஓயாத தூக்கக் கலக்கம் எல்லாம் தலைகாட்டுவது சில வாரங்கள் கழித்துத்தான். அதற்குள் அடிபட்டதே நினைவில் இருக்காது. பேச்சில் குழப்பம் வந்தால் மறதி நோய் என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஏனென்றால் சி.டி. ஸ்கேனில் இந்தக் கசிவு தெரிந்துவிடும், தேங்கிய ரத்தத்தை வடித்தால் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கசிவு அபாயம் கூடுதல். ஆகவே டாக்டரிடம் போகும்போது, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் எங்காவது விழுந்தாரா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

நெற்றிப்பொட்டு வலி

நெற்றிப்பொட்டில் வலி, சீப்பு பட்டாலே தலைத்தோல் நோவது, மென்று சாப்பிடும்போது தாடை வலித்து ஓய்ந்துபோவது. இவை சேர்ந்து வந்தால் தமனி அழற்சியாக இருக்கலாம். நம் நாட்டில் அரிதுதான். ஆனால் கவனிக்காவிட்டால் கண்பார்வையைப் பறிக்கும், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் துப்புக் கொடுக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால், தமனித் திசுப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் டாக்டர்கள் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள்.

மாத்திரைப் பையையும் எடுத்துச் செல்லுங்கள்

நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மாத்திரைகள் தலைவலி தரும். வலி மாத்திரையையே மாதத்தில் பாதி நாள் விழுங்கினால் அதுவே தலைவலியை நிலைக்கவைக்கும். பிரஷர் கொஞ்சம் ஏறியதற்கெல்லாம் தலை வலிக்காது. 180/120-ஐத் தாண்டினால் வலிக்கலாம். ஆகவே பிரஷர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்தாதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியோடு வரும் வலி கண் அழுத்த நோயாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும். இடி விழுந்தாற்போல் திடீரென வரும் தலைவலி, கை கால் தளர்வு, வாய் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.