டீசல் வண்டியோ, பெட்ரோல் வண்டியோ?

மோட்டார் வண்டி ஒன்றை வாங்கத் துணிந்தார் எவரும், அதன் நிறத்தையும் வடிவையும் ஆராயப் புகுமுன், ஒரு வினாவிற்கு விடை கூறியே தீரவேண்டும். டீசலால் ஓடும் வண்டி வேண்டுமோ, பெட்ரோலால் ஓடும் வண்டி வேண்டுமோ என்பதே அவ்வினா. இதனை எம் ஊர்ப்பக்கத்தில் யாரிடம் எழுப்பினும், "டீசல்தான் கட்டுப்படியாகும்" என்னும் விடை உடனே வரும். அவ்விடை ஒரு காலத்தில் ஒருவாறு பொருந்தியிருந்தது. இன்று அதனை ஆராயாது கொள்ளுதல் கைப்பொருளை இழத்தற்கே வழியாம். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இடையே கணக்குச் சிறிது வரும். தமிழ் மாணாக்கர் போட்ட கணக்கென்று அன்பர்கள் அஞ்சவேண்டா. இருமுறை சரிபார்த்தே எழுதியுள்ளோம்.

எம் ஊர்ப்பக்கம் என்றது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும். இங்கே இரண்டு சாலைகள் எம் பொருளுக்குப் போதிய சான்றாக அமைந்துள்ளன. ஒன்று, இராஜபாளையத்தினின்று மேற்கே சற்றேறக்குறைய 10 கிலோமீட்டர் சென்று, மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் கடந்து, மலையடிவாரத்து நீர்காத்த அய்யனார் கோவிலில் முடியும் சிறு சாலை. மற்றொன்று, மதுரையினின்று புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை செல்லும் நெடுஞ்சாலை. நாடோறும் இவற்றுள் எந்தச் சாலையில் ஒருவருடைய வண்டி ஓடுகின்றதோ, அதனைப் பொறுத்ததே அவர் வாங்கவேண்டிய வண்டி.

முதற்கண் எஞ்சின்களின் இயல்பைக் காண்போம். இரண்டும் எண்ணெயைத் தம் உள்ளே எரித்து, அவ்வெப்பத்தை இயக்கமாக மாற்றுவனவே. தீ மூட்டும் முறையிலேதான் வேற்றுமை உளது. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, உருளைக்குள் பத்து மடங்கு அளவில் நெருக்கப்பெற்று, மின்பொறியால் பற்றவைக்கப்படும். ஜெர்மானியராகிய நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு எஞ்சினே இதற்கு மூலம். டீசல் எஞ்சினிலோ காற்று மட்டும் பதினாறு மடங்கும் அதற்கு மேலும் நெருக்கப்படும். மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும் குழாய் அடிக்க அடிக்கச் சுடுவதை யாவரும் அறிவர். அங்ஙனமே நெருக்கப்பட்ட காற்றும் கொதிப்பேறி நிற்க, அதனுள் நுண்டுளியாகப் பீச்சப்படும் டீசல் மின்பொறியின்றித் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் என்பார் 1892-இல் இம்முறைக்கு உரிமை கோரி, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் செவ்வனே இயங்கும் எஞ்சினைக் காட்டினார். 1900-இல் பாரிஸ் மாநகரில் நடந்த கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓட்டப்பட்டது. கடலை விதைக்கும் எம் கரிசற்காட்டு உழவர்க்கு இது சுவையான செய்தியன்றோ?

மிக நெருக்கப்பட்டது எரிந்தபின் மிக விரியும்; விரியுந்தோறும் மிகுந்த வேலை செய்யும். டீசல் எஞ்சின் சிக்கனமாய் இருப்பதற்கு இது முதற்காரணம். அன்றியும், பெட்ரோல் எஞ்சின் மெல்லச் செல்லுங்கால் காற்று நுழையும் வாயிலைக் குறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தவாறே ஓடவேண்டியிருக்கின்றது. டீசல் எஞ்சின் காற்றைத் தாராளமாக உட்கொண்டு எண்ணெயின் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்பமும் பெட்ரோலினும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் மிகுதியாம். ஆகவே ஒரே அளவினவாகிய இரு வண்டிகளுள் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் செல்லுமாயின், டீசல் வண்டி 20 கிலோமீட்டர் செல்லும் என்று கொள்ளலாம். ஆயின் அத்துணை அழுத்தத்தைத் தாங்குதற்கு எஞ்சின் தடித்ததாய் இருத்தல் வேண்டும். எண்ணெய் பீச்சுங் கருவிகள் மிக நுண்ணியனவாய் இருத்தல் வேண்டும். டீசல் வண்டியின் விலை மிகுந்திருத்தற்குக் காரணம் இதுவே.

இந்நாட்டில் டீசல் காரைப் பொதுமக்களுக்கு முதலில் அறிமுகம் செய்தது அம்பாஸிடர்; காலம் 1980-ஐ ஒட்டியது. பின்னர் 1998-இல் டாட்டா இண்டிகா வந்தது. 2007-இல் மாருதியின் ஸ்விப்ட் வண்டியும் டீசலில் வந்தது. எனினும் டீசல் கார் மீது மக்கள் பெரும் மோகங் கொண்டது 2010-க்குப் பிறகேயாம். அவ்வாண்டு ஜூன் திங்களில் அரசாங்கம் பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கிற்று. டீசல் விலையை மட்டும் தாங்கியே வந்தது. உழவரும் பேருந்துகளும் சுமைவண்டிகளும் பிழைக்கட்டும் என்று தாங்கிய விலையின் நிழலில் கார்க்காரரும் ஒதுங்கினர். 2012 மே மாத இறுதியில் டெல்லி மாநகரில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். "டீசல்தான் கட்டுப்படியாகும்" என்னும் சொல் ஊரெங்கும் வேரூன்றியது அக்காலத்திலேதான். 2014 அக்டோபரில் டீசலின் மீதிருந்த கட்டுப்பாடும் நீங்கியது. 2024-இல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாயை ஒட்டியும் விற்றன. 32 ரூபாயாயிருந்த இடைவெளி 9 ரூபாயாகச் சுருங்கிற்று. சொல் மட்டும் சுருங்கவில்லை.

இனிக் கணக்கு. மேற்கூறிய 2024-ஆம் ஆண்டு விலையில், ஒரு கிலோமீட்டர் செல்லப் பெட்ரோல் வண்டிக்கு 6 ரூபாய் 31 காசும், டீசல் வண்டிக்கு 4 ரூபாய் 60 காசும் ஆகும். மிச்சம் 1 ரூபாய் 71 காசு. டீசல் வண்டியின் விலை ஒன்றரை இலட்சம் ரூபாய் மிகுதி என்று கொள்வோம். அதனை மீட்க வண்டி ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர் ஓடியாகவேண்டும். அய்யனார் கோவிற் சாலையில் தோப்பு வைத்திருப்பார் ஒருவர் நாள்தோறும் போய்வருதற்கும் கடைவீதி செல்லுதற்குமாக 25 கிலோமீட்டர் ஓட்டுவார். ஆண்டில் 300 நாளுக்கு 7,500 கிலோமீட்டர். அவர் அந்த ஒன்றரை இலட்சத்தை மீட்கப் பதினொன்றே முக்கால் ஆண்டு ஆகும். இராஜபாளையத்தினின்று மதுரைக்கு நாடோறும் 170 கிலோமீட்டர் போய்வருவார் ஒருவர்க்கோ, அதே தொகை ஒன்றே முக்கால் ஆண்டில் கைக்கு மீளும்.

இதில் வட்டியைச் சேர்க்கவில்லை. அவ்வொன்றரை இலட்சத்தை 100-க்கு 6 வட்டிக்கு வாங்கிய கடனென எண்ணினால், முதலாண்டு வட்டி மட்டும் 9,000 ரூபாய். தோப்புக்காரர் எண்ணெயில் மிச்சப்படுத்துவதோ 12,825 ரூபாய். கடன் தீர ஏறத்தாழ 21 ஆண்டு செல்லும். வண்டி அத்துணைக் காலம் உழைக்குமா என்பது ஐயம். 2012-ஆம் ஆண்டு விலையிலேனும் அவர் ஊதியம் பெற்றிருப்பாரோ என்று பார்த்தோம். அப்பொழுதும் 60,000 கிலோமீட்டர், அதாவது வட்டியின்றியே 8 ஆண்டு வேண்டியிருந்தது. டீசல் மிக மலிந்திருந்த நாளிலும் அவருக்கு அது பெரிதும் கட்டுப்படியாகவில்லை என்பதே இதனாற் பெறப்படுவது.

பணக்கணக்கில் அடங்காத தொல்லை ஒன்றும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் இந்நாட்டில் விற்கும் வண்டிகள் யாவும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதிக்கு உட்பட்டன. அதன்படி டீசல் வண்டியின் புகைபோக்கியில் கரிவடிகட்டி ஒன்று பொருத்தப்படுகின்றது. புகையிலுள்ள கரித்துகளை இது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்தபின் 600 பாகை அளவிற்குச் சூடேறி அக்கரியைத் தானே எரித்துவிடும். இச்சூட்டை உண்டாக்க எஞ்சின் சிறிது டீசலை மிகுதியாகப் பீச்சும். வண்டியும் நல்ல வேகத்தில் இருபது நிமிடமளவு இடைவிடாது ஓடவேண்டும். நெடுஞ்சாலையில் இது தானே நிகழ்ந்துவிடும். ஓட்டுவோர் அறியவும் மாட்டார். பத்துக் கிலோமீட்டர்ச் சாலையிலோ, எஞ்சின் சூடேறுமுன்னரே தோப்பு வந்துவிடும். எரிப்பு பாதியில் நிற்கும். எரியாத டீசல் மசகெண்ணெயில் இறங்கி அதனை நீர்க்கச் செய்யும். கரி மேலுங் குவியும்.

எம் உறவினர் ஒருவர் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுத்தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து, விற்பனையாளர் சொற்கேட்டு, டீசல் வண்டி வாங்கினார். அவருடைய மாந்தோப்பு அய்யனார் கோவிற் சாலையிலே உள்ளது. நாளைக்கு இருமுறை தோப்பு, மாலையிற் கடைவீதி. அவ்வளவே அவர் ஓட்டம். ஓராண்டு நிறையுமுன் வடிகட்டியைக் குறிக்கும் விளக்கு எரிந்தது. பணிமனையார் தூய்மை செய்து கொடுத்து, "ஐயா, வாரம் ஒருமுறை மதுரைச் சாலையில் வேகமாக ஓட்டிவாருங்கள்" என்றனர். அன்று முதல் அவர் ஞாயிறுதோறும் வேலை ஏதுமின்றி ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து கிருஷ்ணன்கோவில் வரை சென்று திரும்புகின்றார். போகும் வழியிற் பால்கோவா வாங்கி வருவதால் வீட்டுச் சிறுவர்க்கு இதில் வருத்தமில்லை. சிக்கனங் கருதி வாங்கிய வண்டியின் கரியை எரிக்க எண்ணெயை எரிக்கின்றேனே என்று அவர் மட்டும் சொல்லிச் சொல்லி வருந்துகின்றார். வாங்கிய நாளில் "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்று எவரும் அவரைக் கேட்கவில்லை.

இதனால் டீசலை இகழ்கின்றோம் என்று கொள்ளற்க. குறைந்த சுழற்சியிலே பெருந்திருப்புவிசை தருவது டீசல் எஞ்சினே. ஆட்களையும் மூட்டைகளையும் நிறைத்துக்கொண்டு செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும் வண்டி பெட்ரோலினதாயின் அடிக்கடி கியரை மாற்றித் திணறும். டீசலினதாயின் அமைதியாய் ஏறும். வாடகைக்கு ஓட்டுவோர், ஊர் ஊராகச் சென்று விற்கும் வணிகர், மதுரைக்கு நாடோறும் செல்வோர் ஆகியோர்க்கு டீசலே தக்கது. எனினும் அவர்க்கும் தேர்வு குறுகிவருகின்றது. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்தலை விட்டொழித்தது. சிறிய வண்டிகளில் புதிய விதிக்கேற்ற கருவிகளைப் பொருத்தினால் விலை கட்டாது என்பதே காரணம்.

புகையைப் பற்றியும் ஒரு சொல். உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் டீசற் புகையைப் புற்றுநோய் விளைப்பது என வகுத்தது. பாரத் ஸ்டேஜ் 4 விதி டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகளை விட இடந்தந்தது. ஆறாம் விதி 4.5 மில்லிகிராமே விடலாம் என்றது. ஆகவே பழியிற் பெரும்பங்கு பழைய வண்டிகளையே சாரும். அய்யனார் கோவிலுக்கு மேலுள்ள காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. சாம்பல் நிற மலையணில்கள் வாழுமிடம். விடுமுறை நாட்களில் ஓடைநீராட வருவோரின் பழைய வண்டிகள் அம்மரநிழலில் எஞ்சினை நிறுத்தாமலே நின்று கரும்புகை கக்குதல் காணச் சகியாதது.

பெட்ரோல் வண்டியும் குறையற்றதன்று. 2025 முதல் நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலின் வெப்பம் பெட்ரோலினும் மூன்றிலொரு பங்கு குறைவாதலால், லிட்டருக்குச் செல்லும் தூரம் சிறிது குறையும். 16 என்று கொண்ட இடத்தில் 15 என்று கொண்டு கணக்கிட்டாலும், மிச்சம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 13 காசே. தோப்புக்காரர் வட்டியின்றியே ஒன்பது ஆண்டுக்கு மேற் காத்திருக்கவேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர்க்கு மட்டும் கணக்கு வேறு. ஆண்டுகள் செல்லச் செல்ல இருவகை வண்டிகளின் விலை வேற்றுமையும் குறைந்துவிடுதலின், மீட்கவேண்டிய முதல் சிறிதாகும். அன்னார் எண்ணெய் விலையை வினவுதலினும், விற்பவர் அவ்வண்டியை எந்தச் சாலையில் ஓட்டினார் என்று வினவுதல் நலம். 2020-க்குப் பிற்பட்ட டீசல் வண்டியாயின், அளவுகோலை எடுத்து மசகெண்ணெயைப் பார்க்க. மேற்கோட்டைக் கடந்து நின்று டீசல் நாற்றம் வீசுமாயின், அது குறுஞ்சாலையில் ஓடிய வண்டி. வடிகட்டியை மாற்றும் செலவையும் விலையிற் கழித்தே பேசவேண்டும்.