பெட்டி, கொள்கலன், கப்பல்: கடல்வழிப் பொதியைப் பின்தொடரும் முறை

கடல்வழியாக வெளிநாட்டுக்குச் செல்லும் வீட்டுப் பொருட்களுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. பெட்டியைப் பொறுப்பேற்ற முகவர் தரும் பத்திரத்தின் எண் ஒன்று. பெட்டி அடுக்கப்பட்ட கொள்கலனின் எண் இரண்டாவது. கொள்கலனைச் சுமக்கும் கப்பலின் எண் மூன்றாவது. கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் இணையத்தள வரைபடங்கள் மூன்றாவதை மட்டுமே அறியும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒப்படைத்த பெட்டி ரொறன்ரோவையோ மெல்பேணையோ எப்போது சேரும் என்று அறிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க வேண்டும்.

பெட்டி

இருபதடிக் கொள்கலனின் உள்ளளவு ஏறத்தாழ 33 கனமீற்றர். ஒரு குடும்பத்தின் பொருட்கள் அதை நிரப்புவது அரிது. ஆகவே, ஒரே நகருக்குச் செல்லும் பலருடைய பெட்டிகளை முகவர் ஒரு கொள்கலனில் சேர்த்து அனுப்புகிறார். கட்டணம் பெரும்பாலும் கன அளவுக்கே. 60 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 50 உயரம் உள்ள பெட்டி 0.15 கனமீற்றர், இத்தகைய ஏழு பெட்டிகள் ஒரு கனமீற்றரைச் சற்றுத் தாண்டும். அம்மி, குத்துவிளக்கு, புத்தகக் கட்டு போன்ற கனத்த பொருட்களை விமானத்தில் அனுப்பினால் எடைக்கு எடை பணம் கட்ட வேண்டும். கடல்வழியில் அந்தச் சுமை இல்லை.

கொள்கலன் நிரம்பும்வரை பெட்டி முகவரின் களஞ்சியத்தில் காத்திருக்கும். முதல் தாமதம் இங்கேயே ஏற்படுகிறது. எந்த வரைபடமும் இதைக் காட்டாது.

பொதி கட்டுவதிலும் விதிகள் உண்டு. பொருட்களைச் சுற்றி அடிக்கும் மரச்சட்டத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ, அதற்கான சர்வதேச முத்திரை பதிக்கப்பட்டிருக்க வேண்டும். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது. அவுஸ்திரேலியா உணவு, விதை, மரப்பொருட்களைக் கூடுதல் கண்டிப்புடன் சோதிக்கிறது. பழம்பொருட்களை இலங்கையிலிருந்து அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை. ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கமிட்டு, உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாகப் பட்டியலிட்டால் இரு நாட்டுச் சுங்கத்திலும் வேலை எளிதாகும்.

கொள்கலன்

கொள்கலனின் பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எண்ணை எங்காவது தவறாக எழுதினால் கணினி அதைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்கும்.

கப்பல் நிறுவனம் முழுக் கொள்கலனுக்கும் ஒரு பத்திரத்தை முகவரிடம் கொடுக்கிறது. முகவர் தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் வேறொரு பத்திரம் கொடுக்கிறார். இந்த இரண்டாவது பத்திரத்தின் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டால் விடை வராது. அந்த நிறுவனத்தின் பதிவுகளில் அந்த எண்ணே இல்லை. கொள்கலன் எண், கப்பலின் பெயர், பயண எண் ஆகிய மூன்றையும் முகவரிடம் கேட்டு வாங்கினால்தான் பெட்டியைப் பின்தொடர முடியும்.

கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொழும்புத் துறைமுகம் மாற்றுக்கப்பல் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. இங்கு கையாளப்படும் கொள்கலன்களில் பெரும்பாலானவை வேறொரு நாட்டிலிருந்து வந்து இன்னொரு நாட்டுக்குச் செல்பவை. 2013இல் திறக்கப்பட்ட தெற்கு முனையத்தின் ஆழம் 18 மீற்றர் என்பதால் உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களும் இங்கே வருகின்றன. ஆயினும் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகும் கொள்கலன் சிங்கப்பூர் போன்ற இடைத்துறைமுகத்தில் இறக்கப்பட்டு வேறு கப்பலில் ஏறக்கூடும். அதற்குப் பின்னும் முதற்கப்பலையே வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கப்பல் மாறியதைக் கொள்கலன் எண்ணே காட்டிக்கொடுக்கும்.

கப்பல்

கப்பலின் பெயர் மாறலாம்; ஒரே பெயரில் பல கப்பல்களும் இருக்கலாம். சர்வதேச கடல்சார் அமைப்பின் ஏழிலக்க எண்ணோ கப்பலின் ஆயுள் முழுவதும் மாறாது. 2024 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் பால்ற்றிமோர் பாலத்தில் மோதிய டாலி, கொழும்பை நோக்கிப் புறப்பட்ட கப்பல். அதன் எண் 9697428. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 188 வரும். அதன் கடைசி இலக்கமாகிய 8 கப்பல் எண்ணின் கடைசி இலக்கமுமாகும்.

வரைபடத்தில் கப்பல் தெரிவதற்குக் காரணம் ஏஐஎஸ் எனப்படும் தானியங்கி அடையாள முறைமை. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கவே இது உருவானது. 300 தொன்னும் அதற்கு மேலும் மொத்தக் கொள்ளளவுள்ள, சர்வதேசப் பயணம் செய்யும் கப்பல்கள் அனைத்திலும் 2004ஆம் ஆண்டு இறுதிக்குள் இக்கருவி கட்டாயமாயிற்று. ஓடும் கப்பல் தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறையும், நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் வானொலி அலையில் ஒலிபரப்புகின்றன. கரையோரத்தில் ஏற்பிகளை வைத்திருக்கும் ஆர்வலர்களும் நிலையங்களும் அந்தச் செய்தியைப் பெற்று இணையத்துக்கு அனுப்புகின்றனர். மரின் ட்ராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற தளங்கள் அதைப் படமாக்குகின்றன.

வரைபடத்தைப் படித்தல்

இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். கரை ஏற்பிக்குச் சில பத்துக் கடல் மைல் வரையே அது எட்டும். தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பல் தெளிவாகத் தெரிவதும், நடு இந்து சமுத்திரத்தில் அதே கப்பல் காணாமற்போவதும் இதனால்தான். அங்கே செய்மதிகளே அலையைப் பிடிக்கின்றன. இலவசப் பார்வையாளருக்கு அந்தத் தகவல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கப்பலின் குறி நாட்கணக்கில் அசையாமல் நின்றால் கடைசிச் செய்தி எப்போது வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இருப்பிடமும் வேகமும் கருவியே தருபவை. சேருமிடம், சேரும் நேரம், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம் ஆகியவை கப்பலின் அதிகாரி கையால் பதிபவை. அவர் மாற்ற மறந்தால் முந்தைய துறைமுகத்தின் பெயரே நீடிக்கும். பாதையும் மாறலாம். 2023இன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல நிறுவனங்கள் சுயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்கான பயணம் பத்து நாள் அளவில் நீண்டது.

பொருள் அழியும் ஆபத்தும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் 1,486 கொள்கலன்களுடன் எரிந்து, ஜூனில் மூழ்கியது. கப்பலையும் சரக்கையும் காக்கும் பொருட்டுச் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், பத்திரமாகக் கரைசேர்ந்த பொருட்களின் உரிமையாளர்களும் அந்த நட்டத்தைப் பகிர வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய வழமை. வீட்டுப் பொருட்களுக்கும் காப்புறுதி அவசியமாவது இதனால்.

சேர்ந்தபின்

கப்பல் துறைமுகத்தை அடைந்தவுடன் வரைபடத்தின் வேலை முடிகிறது. பெட்டியின் பயணம் முடிவதில்லை. கொள்கலன் இறக்கப்பட்டு, களஞ்சியத்தில் பிரிக்கப்பட்டு, சுங்கத்தைத் தாண்ட வேண்டும். கனடாவில் குடியேறுவோர் முதன்முதலாக நாட்டுக்குள் நுழையும்போதே, பின்னால் வரவிருக்கும் பொருட்களின் பட்டியலையும் சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். பிரித்தானியாவில் வரிவிலக்குக்கு வதிவிட மாற்ற நிவாரணம் கோரி விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பெட்டியின் நிலையைச் சொல்லக்கூடியவர் சேருமிடத்து முகவர். அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொழும்பில் பெட்டியை ஒப்படைக்கும் நாளிலேயே பத்திரத்தில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.