வானொலியில் பேச அழைத்தால்

மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வழியில்லை. "வானொலியில ஒரு பேட்டி குடுக்கலாமே" என்று யாரோ சொல்கிறார்கள். நம்மையெல்லாம் கூப்பிடுவார்களா?

கூப்பிடுவார்கள். முக்கியமாகச் சமுதாய வானொலிகள் (கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் வட்டாரத்துக்காக நடத்தும் சிறு நிலையங்கள்). 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையம்தான் நாட்டில் இந்த வகைக்கு முன்னோடி. நிகழ்ச்சிகளில் பாதியையாவது உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும் என்பது இவற்றுக்கான விதி. அதனால் பேச ஆள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் கேட்காதே என்று யோசிப்பீர்கள். உங்கள் கடைக்கு நேரில் வரக்கூடியவர்கள் அந்த வட்டத்துக்குள்தானே இருக்கிறார்கள்? ஊர் ஊராகப் பார்சல் அனுப்புகிற தொழிலென்றால், மலைமேலிருந்து பல மாவட்டங்களுக்குக் கேட்கும் கொடைக்கானல் பண்பலை போன்ற அகில இந்திய வானொலி நிலையத்தை அணுகுங்கள்.

என்ன சொல்லிக் கேட்பது? நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு அரைப் பக்கக் கடிதம் போதும். "எங்கள் எண்ணெயைப் பற்றிப் பேச விரும்புகிறேன்" என்று எழுதினால் விளம்பரக் கட்டண விவரத்தைத்தான் அனுப்புவார்கள். அது நியாயமும்கூட. "செக்கு எண்ணெயில் ஏன் வண்டல் படிகிறது, எப்படி வைத்திருந்தால் சிக்கு வாடை வராது என்று சொல்ல வருகிறேன்" என்று எழுதுங்கள். அது கேட்பவருக்குப் பயன்படும் பேச்சு.

அப்படிப் பேசினால் வியாபாரம் நடக்குமா? 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தை எப்படிப் பயிரிடுவது என்று திருச்சி வானொலி உழவர்களுக்கு விளக்கியது. தஞ்சை வட்டாரத்தில் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வானொலியில் பொருளைப் புகழ்ந்தால் காதில் விழாது. உபயோகமாக ஒன்றைச் சொன்னால், சொன்னவர் பெயரும் கூடவே நினைவில் நிற்கும்.

சரி, என்ன தயார் செய்ய வேண்டும்? கேட்பவருக்கு உதவும் சங்கதிகள் இரண்டோ மூன்றோ போதும். அவற்றைத் துண்டுச் சீட்டில் ஒன்றுக்கு ஒரு வார்த்தையாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியமாக எழுதிப் படித்தால் படிப்பது அப்பட்டமாகத் தெரியும். கோவைப் பேச்சோ நெல்லைப் பேச்சோ, வீட்டில் பேசுகிறபடியே பேசுங்கள். மேடைத் தமிழை வரவழைத்தால் குரல் இறுகிவிடும்.

வானொலி கேட்பவர் கேட்டதைத் திருப்பிப் பார்க்க முடியாது. பாதியில் வந்து சேர்பவர்களும் உண்டு. "அது", "அங்கே" என்று பேசினால் அவர்களுக்கு எதுவும் விளங்காது. "எத்தனை நாள் கெடாம இருக்கும்?" என்று கேட்டால் "மூணு மாசம்" என்று நிறுத்தாமல், "நாங்க ஆட்டுற கடலெண்ணெய் மூணு மாசம் வரைக்கும் கெடாது" என்று கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிவு செய்து ஒலிபரப்பும்போது கேள்வியை வெட்டிவிட்டாலும் உங்கள் பதில் தனியாக நிற்கும்.

தொலைபேசி எண்ணை எப்போது சொல்வது? கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டோ தோசை ஊற்றிக்கொண்டோ இருப்பார், பேனா தேட மாட்டார். எனவே எண்ணைவிட அடையாளம் முக்கியம். "பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, தபாலாபீஸ் பக்கத்துக் கடை" என்பது ஒரு தடவை கேட்டாலே பதியும். எண்ணையும் சொல்வதானால் கடைசியில், மெதுவாக, இரண்டு தடவை. 'டபுள்', 'ட்ரிபிள்' வேண்டவே வேண்டாம், எழுதுகிறவர் அங்கேதான் தடுமாறுவார்.

"இந்த எண்ணெயால சர்க்கரை குறைஞ்சுதுன்னு ஒரு வாடிக்கையாளரே சொன்னார், அதைச் சொல்லலாமா?" கூடாது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. இது பேட்டிதானே, விளம்பரம் இல்லையே என்று வாதாடலாமென நினைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரம் என்பதற்கான விளக்கம் மிக விரிவானது. ஒளி, ஒலி, புகை, வாயு எதன் வழியாகச் சொன்னாலும் அதில் அடங்கும். (புகையை எழுதி வைத்தவர் எதையும் விட்டுவைக்கக் கூடாதென்றே உட்கார்ந்திருப்பார்!) தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

ஒலிப்பதிவு அறையில் என்ன கவனிக்க வேண்டும்? மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். வாயை அதற்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' சொல்லும்போது காற்று அறையாது. கண்ணாடி வளையல், சட்டைப்பையில் சில்லறை, படபடக்கும் காகிதம் எல்லாம் பதிவில் பெரிதாகக் கேட்கும். கைபேசியை அணைத்துவிடுங்கள். நேரலை (பேசும்போதே ஒலிபரப்பாவது) இல்லையென்றால், உளறிவிட்டால் பதற வேண்டாம். "இன்னொரு தடவை சொல்லிடறேன்" என்று வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொன்னால் போதும், வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

தொலைபேசி வழியாகப் பேட்டி எடுத்தால்? ஸ்பீக்கரில் போட்டுப் பேசாதீர்கள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். மெத்தை, துணிமணி நிறைந்த அறை எதிரொலியைக் குறைக்கும். வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் குரலே தாமதமாகத் திரும்பி வந்து உங்களைக் குழப்பும். நேயர்களிடம் "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுக்கங்க" என்று தொகுப்பாளர்கள் சொல்வதற்கும் காரணம் இதுதான். உங்கள் குரலே தாமதமாகத் திரும்பி வந்து உங்களைக் குழப்பும்.

பேட்டி முடிந்ததும் ஒலிபரப்பாகும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று கடையில் சரக்கு இருக்க வேண்டும். நீங்கள் என்ன விலை சொன்னீர்கள் என்பது தொலைபேசியை எடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதிவின் நகலை வாட்ஸ்அப்பில் போட விரும்பினால் நிலையத்திடம் அனுமதி கேளுங்கள். இடையில் சினிமாப் பாட்டு வந்திருந்தால் காப்புரிமைச் சிக்கல் வரும், பேச்சை மட்டும் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.