படகுக்கும் ஒரு பங்கு

1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு 'குலக்கல்வி' என்றே நினைவில் வைத்திருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். இரண்டு ஷிப்டு வைத்தால் அதே பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்றது அரசு. காசில்லாத காலத்தில் அந்தக் கணக்கை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் துணி வெளுப்பவர் மகன் எதைக் கற்பான் என்பதை அவன் பிறப்பே முடிவு செய்துவிட்டது. பெரியார் கொதித்தார். தி.மு.க. போராட்டத்தில் இறங்கியது. 1954-ல் ராஜாஜி விலகினார். முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

பிறப்பே தொழிலை முடிவு செய்யும் என்ற இந்த நம்பிக்கைக்கு அறிவியல் சாயமும் பூசினார்கள். அறிவும் உயர்வும் ரத்தத்தில் வருகின்றன என்று 1869-ல் புத்தகமே எழுதினார் இங்கிலாந்தின் கால்டன். மூக்கு அகலமானால் சாதி தாழ்ந்தது என்றார் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி ரிஸ்லி. எழும்பூர் அருங்காட்சியகத் தலைவர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார்.

அளக்க வேண்டியது வேறு. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததும் டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். கடலில் உயிரைப் பணயம் வைத்த ஆட்களுக்குப் பங்கு உண்டு. கரையிலேயே இருந்தாலும் படகுக்காரருக்குப் படகின் பங்கு உண்டு. அவர் மகனுக்கு அந்தப் பங்கு தொடரும். ஆளாகப் போனவர் மகனுக்கு வருவதோ நீரோட்டமும் காற்றும் பார்க்கும் அறிவும், அப்பா வாங்கிய கடனும்தான். இரண்டு பிள்ளைகளும் ஒரே குப்பம், ஒரே சாதி. அவர்களைப் பிரிப்பது ரத்தம் இல்லை, சொத்து. மீனவக் குடும்பத்தில் 1860-ல் பிறந்த சிங்காரவேலர் வழக்கறிஞரானதற்கும், கல்லூரி வரை அனுப்பிய குடும்ப வசதிதான் வழி திறந்தது. அவரே பின்னாளில் 'குடி அரசு' இதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 

வடசென்னையின் எண்ணூரில் இப்போது அப்பன் தொழிலே கைவிட்டுப் போகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தூர்த்து வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெயும் பரவியது. அரசு அறிவித்த நிவாரணத்தில் குடும்பத்துக்கு ஒரு தொகை. அதுபோக, படகைச் சீர்செய்யப் படகுக்குத் தனித் தொகை. படகைச் சீர்செய்யத்தான் வேண்டும். ஆனால் இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்களுக்குப் படகே கிடையாது. அவர்களுடைய ஆறுதான் அவர்களுடைய முதல். அதைச் சீர்செய்து தரும் பொறுப்பை அரசும் ஆலைகளும் ஏற்க வேண்டும்.