ஜோடிச் சக்கரமும் காற்றின் அளவும்

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள அமிர்தியிலிருந்து வேலூர் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மலைச் சாமையும் புளியும் சந்தைக்கு வருவதும், குடியாத்தத்துக் கைத்தறி மூட்டைகள் வெளியூர் செல்வதும் லாரியை நம்பியே. லாரியோ டயருக்குள் அடைபட்ட காற்றை நம்பி ஓடுகிறது. பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த அரக்கோணத்திலேயே இன்று பெரிய டயர்த் தொழிற்சாலை ஒன்று நடைபெறுகிறது. ஆயினும், வாங்கிய டயரைப் பேணும் வழக்கம் நம்மிடையே போதிய அளவு வேரூன்றவில்லை என்றே சொல்லவேண்டும்.

லாரியின் பின்அச்சில் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. வெளிடயர் எல்லோர் கண்ணிலும் படும்; உள்டயர் மறைவில் கிடக்கும். உள்டயரில் காற்றுக் குறைந்தால், ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளுள் ஒன்று தளர, மற்றது முழுப் பாரத்தையும் இழுப்பது போல, வெளிடயர் இருவர் சுமையைத் தாங்குகிறது. வண்டி சாயாததால் ஓட்டுநர் அதனை அறிவதில்லை. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. இரண்டு டயர்களும் பிதுங்கி ஒன்றோடொன்று உராய்வதும் உண்டு. மலைச்சாலை இறக்கத்தில் பிரேக்கின் வெப்பமும் உள்டயருக்கே மிகுதியாக எட்டுகிறது. முடிவில் டயர் வெடிக்கிறது. சில சமயம் தீப்பற்றவும் செய்கிறது. சரக்கு மட்டுமன்றி, உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது முற்றும் காற்றிழந்த டயரையே காட்டும்; பத்து இருபது பவுண்டு குறைவை அது காட்டாது. ஆகையால் காற்றழுத்தமானி அவசியம். வண்டி மூன்று மணி நேரமாவது ஓய்ந்திருந்த பின், விடியற்காலையில் அளப்பது உத்தமம். 100 பவுண்டு அழுத்தமுள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அழுத்தம் ஏறக்குறைய 4 பவுண்டு கூடும். இது இயல்பே. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் அளவு குறைந்துவிடும்.

சுமைக்குத் தக்கபடி வண்டி செய்தவர் குறித்த அளவை ஜோடியின் இரண்டு டயர்களிலும் ஒன்றுபோல் வைத்தல் வேண்டும். இரண்டு வால்வுகளும் எதிரெதிராக அமையும்படி சக்கரங்களைப் பூட்டினால், வெளிச்சக்கரத்தின் துளை வழியே உள்வால்வை எளிதில் எட்டலாம். எட்டாவிடில் நீட்டுக்குழாய் பொருத்தலாம். வால்வு மூடியின்றி ஓட்டலாகாது. டயர்களுக்கிடையே சிக்கிய கல்லையும் அகற்றவேண்டும்.

குறித்த அளவில் ஐந்திலொரு பங்குக்கு மேல் காற்றிழந்து ஓடிய டயருக்கு உடனே காற்றடிப்பது ஆபத்து. அதனைக் கழற்றி, உட்புறம் சோதித்த பின்னரே பயன்படுத்தவேண்டும். தேய்ந்த டயரையும் புது டயரையும் ஜோடி சேர்ப்பதும் தவறு. ஒரே அச்சில் சமமாகச் சுழலவேண்டிய இரண்டில் சிறியது சாலையில் இழுபட்டுத் தேயும். பெரியது மிகைச்சுமை ஏற்கும்.

சங்க லாரியின் ஓட்டப் புத்தகத்தில் கிலோமீட்டருக்கும் டீசலுக்கும் இடமிருக்கிறது. பின்டயர் நான்கின் அழுத்தத்துக்கும் தனித்தனியே ஒரு பத்தி வகுத்து, வாரம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் எழுதிவைப்பது நலம். ஒரு டயரின் விலையை நோக்க, மானியின் விலை மிகச் சொற்பம். வாடகை லாரியில் சரக்கேற்றும் அங்கத்தினர்களும், மூட்டையை ஏற்றுமுன் உள்டயரை அளந்தாயிற்றா என்று ஓட்டுநரைக் கேட்பது முறையே ஆகும்.