பெடல் வாருக்கு ஏற்ற தோல்

மிதிவண்டியின் பெடலிலிருந்து பாதம் வழுக்கிவிடாமல் இருப்பதற்காகக் கட்டப்படும் தோல்வார், பார்வைக்கு எளிய பட்டையாகத் தோன்றினாலும், மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இழுபடுவதால் நாளடைவில் நீண்டு தளர்கிறது. ஆகவே அதன் தரத்தைத் தையலைக் காட்டிலும் தோலின் தேர்வே முடிவு செய்கிறது. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் உள்ள காட்டுப்பாக்கத்தில் வசிக்கும் ஒருவர் இதனை வீட்டிலேயே செய்துகொள்ள முனைந்தால், அவருக்கு வேண்டிய அறிவும் பொருளும் அருகிலேயே இருக்கின்றன. வடக்கே உள்ள அம்பத்தூர், 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தால் மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற ஊர். தெற்கே உள்ள குரோம்பேட்டை, குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் ஆலையால் பெயரையே பெற்ற ஊர். கிழக்கே உள்ள பெரியமேடு, தோல் வியாபாரத்தின் நெடுநாளைய மையம்.

பந்தய வீரர்கள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்தது இந்த வாரைத்தான். காலணியைப் பெடலில் பூட்டிக்கொள்ளும் புதிய பொறியைப் பயன்படுத்தி பெர்னார் ஹினோ 1985-இல் பிரான்சு சுற்றுப் பந்தயத்தை வென்ற பிறகு அதன் ஆட்சி குறைந்தது; எனினும் ஜப்பானின் கெய்ரின் பந்தயங்களில் அது இன்றும் நிலைத்திருக்கிறது.

வாருக்கு எந்தத் தோல் ஏற்றது என்பது, அது பதனிடப்பட்ட முறையைப் பொறுத்தது. விலங்கின் பச்சைத்தோலை அழுகாமல் காப்பதே பதனிடுதல் எனப்படும். இது இரு பெரும் வழிகளில் நடைபெறுகிறது: ஒன்று, மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருளைத் தோலில் ஊறச்செய்வது, மற்றொன்று, குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடுவது. தமிழ்நாட்டில் முன்னது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் வளர்ந்து, சென்னைத் துறைமுகம் வழியாகப் பெரும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு எடுத்துக்கொண்டது. குரோம் முறையோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் நடத்திய சோதனைகளால் இங்கு வேரூன்றியது. கிணற்றிலிருந்து மாடுகளைக் கொண்டு நீரிறைக்கும் கவலை ஏற்றத்தின், எப்போதும் நனைந்துகொண்டிருக்கும் தோல் சாலுக்குக் குரோம் தோல் மிகவும் பொருந்தியது.

குரோம் தோல் நீரைத் தாங்கினாலும், மென்மையாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால் வாருக்கு ஏற்றதன்று. பட்டையால் பதனிட்ட தோல் விறைப்பானது, குறைவாக நீள்வது, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மெருகேற்ற இடந்தருவது. இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. வெட்டுவாயில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் தோல். ஐயமிருந்தால் சிறு துண்டைக் கொதிநீரில் இட்டுப் பார்க்கலாம், நன்கு பதனிட்ட குரோம் தோல் அதில் அவ்வளவாகச் சுருங்காது, பட்டைத் தோலோ சுருண்டு கெட்டியாகிவிடும்.

ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முதுகெலும்பின் இருபுறமும் இழைகள் நெருக்கமாகவும், வயிற்றுப் பகுதியில் தளர்வாகவும் அமைந்திருப்பதால், முதுகுப் பகுதியிலிருந்து, தலையிலிருந்து வால் நோக்கிய திசையில் வெட்டிய பட்டையே நீளாமல் உழைக்கும். மலிவாகக் கிடைக்கும் துண்டுகளில் வயிற்றுப் பகுதியும் கலந்திருக்கக்கூடும் என்பதால், வாங்கும்முன் கையால் இழுத்துப் பார்ப்பது நன்று.

பெடலின் அடியையும் காலணியின் மேற்பகுதியையும் சேர்த்து நூலால் சுற்றி அளந்து, பிடித்து இழுப்பதற்கு ஏறத்தாழ 10 செ.மீ. கூட்டினால் வாரின் நீளம் கிடைக்கும். அது பெரும்பாலும் 40 செ.மீ.க்கு அருகில் அமையும். அகலம் பெடல் சட்டத்தின் துளைக்குள் நுழையும் அளவே, அதாவது ஏறக்குறைய 1 செ.மீ. இருக்கலாம், சாதாரண வண்டிகளின் ரப்பர் கட்டைப் பெடலில் இத்தகைய துளை இராது என்பதால், இரும்புச் சட்டப் பெடல் தேவைப்படும். வெட்டிய பட்டையை நனைத்து, ஒரு செங்கல்லைக் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டால், பின்னாளில் நீளக்கூடியதில் ஒரு பகுதி முன்கூட்டியே நீண்டுவிடும். இன்னும் உறுதி வேண்டுவோர், மெல்லிய இரு பட்டைகளுக்கிடையே நைலான் நாடாவை வைத்து ஒட்டித் தைக்கலாம். தையலுக்குக் குத்தூசியால் துளையிட்டு, ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துவதே சிறந்த முறை. இவ்வாறு தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல்கள் பிரிவதில்லை.

பக்கிள் மட்டும் வீட்டில் செய்யத்தக்கதன்று. இடுப்புவாரின் முள் பக்கிள் துளைகளில் மாட்டிக்கொள்வதால், வண்டி ஓட்டும்போது கட்டைவிரலால் தளர்த்த இயலாது. வாரைப் பற்களால் கவ்வி, ஒரு தட்டில் விடுவிக்கும் பந்தய வார்ப் பக்கிளைப் பழைய வாரிலிருந்து எடுத்துப் பொருத்துவதே பாதுகாப்பானது. வாரைப் பெடல் சட்டத்தினுள் ஒரு முறுக்கு முறுக்கிக் கோத்தால் அது நகராது. லாரிகளும் பேருந்துகளும் நெருக்கும் பூந்தமல்லிச் சாலையில் எந்நேரமும் காலை ஊன்ற நேரிடும் என்பதால், அங்கு வாரை இறுக்காமல், பாதம் தானே பின்னோக்கி வெளியேறும் அளவுக்குத் தளர்த்தியே ஓட்ட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பட்டைத் தோலில் பூஞ்சை படியும். நனைந்த வாரை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும் என்பதால், நிழலில் உலர்த்தித் தேன்மெழுகு தேய்ப்பது போதுமானது. எண்ணெயை மிகுதியாகப் பூசினால் தோல் இளகி, மீண்டும் நீளத் தொடங்கும்.