கூத்தின் மோடியும் இசையின் வகையும்

உலகத்துப் பொருள்களை இனம் இனமாக வகுத்தறிதல் மாந்தர்தம் இயல்பு. தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அடைவுபடுத்தினார். நிலத்தையும் ஒழுக்கத்தையும் திணைகளாக வகுத்த அவரே, திணைகள் ஒன்றோடொன்று மயங்குதலும் உண்டு, அது விலக்கத்தக்கதன்று என்றும் கூறினார். கலைகளை வகைப்படுத்தப் புகுவார் பலர், வகுத்தலாகிய முற்பாதியைக் கைக்கொண்டு, மயக்கத்திற்கு இடங்கொடுத்தலாகிய பிற்பாதியை மறந்துவிடுகின்றனர். அதனால் விளையும் இடர் யாது என்பதை நம் வன்னிநாட்டுக் கூத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

ஈழத்துக் கூத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் வடமோடி, தென்மோடி என்னும் இரு பெயர்களையே எடுத்துரைப்பர். மோடி என்பது பாணி. இப்பாகுபாடு மட்டக்களப்பிற் செழித்து நிற்பது. வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகள் வரும். அரசர்க்குக் கனத்த கரப்புடுப்பு உண்டு. தென்மோடியில் உடை பாரங் குறைந்தது. ஆட்டக் கோலங்கள் நுணுக்கம் மிக்கவை என்பர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோது, கிராமத்து வட்டக்களரியில் நின்ற கூத்து நகரத்து அரங்கிற்கு வந்தது. கூத்தோடு அந்த இரு பெயர்களும் நாடெங்கும் பரவின. அது பெரும் பேறே. ஆயினும், ஒரு நிலப்பகுதியின் கலைக்குப் பொருந்திய அளவுகோல் ஏனைய பகுதிகளுக்கும் அளவுகோலாகத் தொடங்கியது அதன் பின்னரேயாகும்.

ஏனைய பகுதிகளிலோ நிலைமை வேறு. மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என ஊர்ப் பெயராற் பகுத்தனர். காத்தவராயன் கூத்தில் நுணுக்கமான அடவுகள் இல்லை, பாடலே உயிர், பாட்டின் நடைக்கேற்ப எளிதாக அசைந்தாடுவர். ஆதலின் அதனைச் சிந்துநடைக் கூத்து என்றனர். முல்லைத்தீவுப் பகுதியிலோ கண்ணகி வழிபாடு ஆழ வேரூன்றியது. ஆண்டுதோறும் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தை அறியாதார் இலர். அம்மண்ணில் ஆடப்பட்டு வருவது கோவலன் கூத்து. இது வடமோடியா, தென்மோடியா?

இவ்வினாவிற்கு இரு வகையாக விடை கூறுதல் கூடும். இரண்டனுள் ஒன்றன் திரிபே இது என்று கொள்ளலாம். அங்ஙனங் கொள்ளின், மட்டக்களப்பில் உள்ளனவும் இங்கே இல்லாதனவும் எல்லாம் குறைகளாகவே எண்ணப்படும். அன்றி, இதனை 'முல்லைமோடி' என்று தனித்து வழங்கலாம். அவ்வாறு வழங்குவோர் உளர். அங்ஙனம் வழங்கின், இங்கே உள்ளவை எவை என்று தேடும் எண்ணம் பிறக்கும். கூத்து ஒன்றே, ஆடுவோரும் அவரே. பெயர் மாறியவுடன் பார்ப்பவர் கண் மாறுகின்றது. வகைப்பாடு வெறும் சொற்போர் அன்று என்பதற்கு இதுவே சான்று.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டு றொக் இசைக் குழுக்களைப் பற்றியும் இதே வழக்கு ஓயாது நடைபெறுகின்றது. இன்ன குழு 'ஹார்ட் றொக்' வகையா, 'ஹெவி மெற்றல்' வகையா என்று இளைஞர் இரவு முழுவதும் வாதிடுவர். அப்பெயர்கள் பிறந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவில் 1920களில் கறுப்பினத்தார்க்கு விற்கும் இசைத்தட்டுகளை இனத்தின் பெயராலேயே தனியே பிரித்து வைத்தனர். 'பில்போட்' என்னும் வணிக இதழ் 1949ஆம் ஆண்டிலேதான் தன் பட்டியலில் அப்பெயரை நீக்கி 'றிதம் அன்ட் புளூஸ்' என்று இட்டது. கேட்போர் தட்டுகளை வாங்கிச் செல்லும் கடைத் தட்டே வகையை வகுத்தது, இசை வகுக்கவில்லை. அந்த இசையும் வெள்ளையர் கிராமிய இசையும் கலந்தே 1950களில் றொக் அன்ட் றோல் தோன்றிற்று. பிரித்து வைத்தவற்றின் மயக்கத்திலேயே புதியது பிறந்தது என்க.

பரிசு வழங்கப் புகுங்கால் இச்சிக்கல் இன்னும் இறுகும். 1989ஆம் ஆண்டு கிராமி விருதில் ஹார்ட் றொக், மெற்றல் இரண்டிற்கும் சேர்த்து ஒரே பரிசு முதன்முறையாக ஏற்படுத்தப்பட்டது. மெற்றலிக்கா குழுவே பெறும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, புல்லாங்குழல் ஊதும் தலைவரைக் கொண்ட ஜெத்ரோ ரல் குழுவிற்கு அது கிடைத்தது. அவர்களை மெற்றல் குழுவென்று எவரும் கருதியதில்லை. எள்ளலும் கண்டனமும் எழுந்தன. மறு ஆண்டு அப்பரிசை இரண்டாகப் பிரித்தனர். அக்குழுக்களின் இசையிற் குறை இல்லை. வெவ்வேறு தன்மையுடையனவற்றை ஒரே தராசில் நிறுத்தியதே குறை. நம் கூத்துப் போட்டிகளிலும் காத்தவராயன் கூத்தை அடவிற்குப் புள்ளியிட்டு அளப்பின் இதுவே நேரும்.

அங்ஙனமாயின் வகைப் பெயர்களே வேண்டாவோ எனின், அன்று. பெயரில்லாத கலை பாடத்திட்டத்தில் இடம்பெறாது; நூலில் ஏறாது; காலப்போக்கில் பிறிதொன்றன் நிழலாகக் கழிந்துபோம். பெயர் வேண்டும், ஆனால் அது கலையின் இயல்பைக் கண்டபின் இடப்படுவதாக இருத்தல் வேண்டும். பெட்டியை முன்னே செய்து, அதற்கேற்பப் பொருளை வெட்டுதல் அறிவுடையோர் செயலன்று.

இது நமக்கு உடனடித் தேவையாகவும் உள்ளது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். வீடுகளை விட்டவர்கள் அவற்றுள் இருந்த ஏடுகளையும் கொப்பிகளையும் விட்டே சென்றனர். எஞ்சியிருப்பது முதியோர் நெஞ்சிலும் கால்களிலும் உள்ளதே. அவரிடஞ் சென்று, "ஐயா, உங்கள் கூத்து வடமோடியா, தென்மோடியா?" என்று முதலில் வினவுவோமாயின், அவர் நம் மனம் கோணாதபடி ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிடுவார், நாமும் எழுதிக்கொண்டு திரும்புவோம். வினா குறுகியதாயின் விடையும் குறுகியதேயாகும்.

ஆகவே பழைய மாணவர்களாகிய நாம், நம் ஊர்களிற் கூத்தைப் பதிவு செய்யுங்கால், ஆறு செய்திகளை முதலிற் குறித்துக்கொள்ளல் நன்று. எக்காலத்தில், எக்கோயிலை ஒட்டி ஆடுவர். களரி எவ்வாறு அமையும். பாத்திரம் எவ்வாறு களரிக்கு வரும். தருக்கள் எத்தாளத்தில் அமைந்தவை. மத்தளத்தோடு பிற கருவிகள் எவை. உடையும் ஆட்டமும் எத்தகையன என்பனவே அவை. ஓர் ஊரில் கண்டதை அடுத்த ஊரில் கண்டதோடு ஒப்பிடுக. ஒப்பிட்டபின் முல்லைமோடி என்னும் பெயர் பொருந்துமாயின் துணிந்து வழங்குக. பொருந்தாதாயின் வேறு பெயர் காண்க. பெயரை முடிவு செய்யப் பின்னரும் காலம் உண்டு. ஆடிக் காட்டவல்ல அண்ணாவிமாருக்கோ அகவை ஏறிக்கொண்டே செல்கின்றது.